மதிப்பீட்டோடு நிறுத்திவிடாமல் கணக்கையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநில அரசின் நிதிநிலை அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட மறுநாள், தங்கள் நாளிதழ் பல பக்கங்களை அதற்கென்றே ஒதுக்குகிறது. எந்தத் துறைக்கு எவ்வளவு, எந்த மாவட்டத்துக்கு என்ன, பற்றாக்குறை எவ்வளவு, கடன் எவ்வளவு என்பவை பெரிய எழுத்தில் அச்சாகின்றன. கட்சித் தலைவர்களின் கருத்துகளும் தொழில் அமைப்புகளின் கருத்துகளும் அடுத்தடுத்து வெளிவருகின்றன. ஒரு வாரத்துக்குள் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடுகிறது. அன்று அச்சான எண்கள் ஆண்டு முடிவில் என்ன ஆயின என்பதைத் தமிழ் நாளிதழ்கள் அதே அக்கறையோடு எழுதுவது மிகவும் அரிது. கருவூலக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இந்தக் குறை எனக்கு நெடுநாளாக உறுத்தி வருகிறது. நிதிநிலை அறிக்கை என்பது வரப்போகும் ஆண்டைப் பற்றிய மதிப்பீடு மட்டுமே. அரசு உண்மையில் என்ன செய்தது என்பதைக் கணக்குதான் சொல்லும். அந்தக் கணக்கைப் பொதுமக்கள் படிக்கும்படி செய்வதில் நாளிதழுக்கும் நிதித் துறைக்கும் பங்கு உண்டு என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒவ்வொரு துறைக்கும் பேரவையிடம் தொகை கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கைப் புத்தகம் ஒன்றைத் திறந்தால், ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும் எதிரே நான்கு எண்கள் இருக்கும். 2025-26ஆம் ஆண்டுக்கான புத்தகத்தில் 2023-24இன் கணக்கு, 2024-25இன் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு, 2025-26இன் மதிப்பீடு ஆகியவை வரிசையாக அமைந்துள்ளன. செய்திகளில் இடம்பெறுவது பெரும்பாலும் கடைசி எண் மட்டுமே. முதல் மூன்றையும் பார்க்காமல் கடைசி எண்ணுக்குப் பொருள் காண முடியாது என்பதற்கு நம் மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறையே, அதாவது அன்றாடச் செலவு வருவாயை மிஞ்சும் தொகையே, தக்க சான்று.

2021 ஆகஸ்டு 9 அன்று அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020-21இல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாயாக இருந்தது என்றது. அதற்கு நான்கு நாள் கழித்து வைக்கப்பட்ட திருத்திய நிதிநிலை அறிக்கை, 2021-22இல் 58,692 கோடி ரூபாய் பற்றாக்குறை இருக்கும் என்று மதிப்பிட்டது. கணக்கு முடிந்தபோது அது 46,538 கோடியாகக் குறைந்திருந்தது. 2022-23க்கு 52,781 கோடி என்று மதிப்பிட்டார்கள். கணக்கில் 36,215 கோடிதான் வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளின் போக்கை நம்பி 2023-24க்கு 37,540 கோடி என்று மதிப்பிட்டார்கள். அந்த ஆண்டு காற்று எதிர்த்திசையில் வீசியது. கணக்கில் 45,121 கோடி ஆகிவிட்டது. முதல் இரண்டு ஆண்டுகளில் அரசு சொன்னதைவிட நன்றாகச் செய்தது, மூன்றாம் ஆண்டில் சொன்னதைக் காக்க முடியவில்லை. மூன்றுமே மக்கள் அறிய வேண்டிய செய்திகள். ஆனால் முதல் இரண்டுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டும் மூன்றாவதற்கு எழ வேண்டிய கேள்வியும் பொதுவெளியில் போதிய அளவு எழவில்லை.

மூன்றாம் ஆண்டில் நடந்தது என்ன என்பதைக் கணக்கின் வரவுப் பக்கம் காட்டிவிடுகிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 1,81,182 கோடி ரூபாய் வரும் என்று மதிப்பிட்டிருந்தார்கள், வந்தது 1.67 லட்சம் கோடிக்குச் சற்று மேல். ஏறத்தாழ 14,000 கோடி ரூபாய் குறைந்துவிட்டது. செலவுப் பக்கத்தில், 2023 டிசம்பரில் சென்னையைச் சுற்றிய மாவட்டங்களை மிக்ஜாம் புயலும், இரண்டு வாரத்துக்குள் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைப் பெருமழையும் தாக்கின. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வழங்கிய செலவை எந்த நிதி அலுவலரும் முந்தைய மார்ச்சில் எழுதியிருக்க முடியாது. ஆகவே, மதிப்பீடு தவறியது என்றால் உடனே யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதல்ல என் கருத்து. எது கணிக்க முடியாத இயற்கைச் சீற்றம், எது மிகையான எதிர்பார்ப்பு என்று பிரித்தறிய வேண்டும். அதற்குக் கணக்கைப் படித்தாக வேண்டும்.

மதிப்பீடு எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சட்டப்பேரவையில் இரண்டு மணி நேரம் வாசிக்கப்படும் உரையின் பின்னால் ஏறத்தாழ ஆறு மாத உழைப்பு இருக்கிறது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நிதித் துறை எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புகிறது. அதற்கு முன்பே, நம்பர் ஸ்டேட்மென்ட் என்று அலுவலகங்களில் வழங்கும் பணியிட விவரப் பட்டியலை ஒவ்வொரு அலுவலகமும் தயாரித்துவிட வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, காலியானவை எத்தனை, அவரவர் அடிப்படை ஊதியம் என்ன, அடுத்த ஊதிய உயர்வு எப்போது என்ற விவரங்கள் வட்டார அளவிலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து துறைத் தலைவருக்கும், அங்கிருந்து தலைமைச் செயலகத்துக்கும் செல்கின்றன. நிரப்பப்படாத பணியிடங்களுக்கும் சேர்த்து ஊதியம் கேட்டுவிட்டு ஆண்டு முடிவில் அதை ஒப்படைப்பது பல துறைகளின் பழைய வழக்கம். நிதித் துறை அலுவலர்கள் இந்தப் பட்டியலை வரி வரியாகப் பார்ப்பதன் காரணம் இதுதான்.

கணக்குத் தலைப்புகளின் அமைப்பு வெளியாருக்கு மிரட்சியாகத் தோன்றினாலும், அது மிகவும் தெளிவான ஒழுங்கு கொண்டது. நான்கு இலக்கப் பெருந்தலைப்பின் முதல் எண்ணே அது எத்தகைய பணம் என்பதைச் சொல்லிவிடும். சுழியிலோ ஒன்றிலோ தொடங்கினால் வருவாய் வரவு. இரண்டும் மூன்றும் வருவாய்ச் செலவு. நான்கும் ஐந்தும் மூலதனச் செலவு. ஆறும் ஏழும் கடனும் முன்பணமும். எட்டு என்றால் எதிர்பாராச் செலவு நிதியும் பொதுக் கணக்கும். பொதுக் கல்வியின் செலவு 2202, மருத்துவம் 2210, வட்டி 2049, ஓய்வூதியம் 2071, சாலைகள் பாலங்களுக்கான மூலதனச் செலவு 5054. இந்த எண்கள் இந்தியா முழுவதற்கும் பொதுவானவை. எனவே தமிழ்நாட்டின் 2210ஐக் கேரளத்தின் 2210உடனும் மகாராட்டிரத்தின் 2210உடனும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். அரசியல் மேடைகளில் எறியப்படும் ஒப்பீடுகளைச் சரிபார்க்க ஒரு செய்தியாளருக்கு இதைவிட எளிய கருவி வேறில்லை.

எல்லாச் செலவையும் ஒரே துல்லியத்தோடு மதிப்பிட முடியாது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 ரூபாய், 2025 மார்ச்சில் இருந்த ஏறத்தாழ 1.15 கோடி மகளிர், பன்னிரண்டு மாதம் என்று பெருக்கினால் 13,800 கோடி வரும். 2025-26இல் ஒதுக்கிய தொகை 13,807 கோடி. பயனாளிகளின் எண்ணிக்கை மாறாதவரை இந்த மதிப்பீடு பெரிதும் பிசகாது. ஊதியமும் ஓய்வூதியமும் இதே வகை. அகவிலைப்படி எத்தனை விழுக்காடு உயரும் என்ற ஒரு கணிப்பு மட்டுமே அதில் கூடுதலாகச் சேர்கிறது. வட்டியோ பழைய கடன் பத்திரங்களில் முன்பே எழுதப்பட்டுவிட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 202, 203ஆம் உறுப்புகளின்படி அது அரசின் வருவாயெல்லாம் சேரும் திரள்நிதியத்தின் மீது சார்த்தப்பட்ட செலவு. பேரவை அதைப் பற்றி விவாதிக்கலாம், வாக்களித்துக் குறைக்க முடியாது.

மதிப்பீடு தடுமாறுவது மூலதனப் பணிகளில்தான். ஒரு பாலத்துக்குத் தொகை ஒதுக்கிவிடலாம். நிலம் எடுப்பில் வழக்கு வந்தால் அந்தத் தொகை அப்படியே கிடக்கும். ஒப்பந்தப்புள்ளிக்கு யாரும் வராமல் போகலாம், வந்தவர்கள் மதிப்பீட்டைவிட மிக அதிகமாகக் கேட்கலாம், வனத் துறையின் அனுமதியோ ரயில்வேயின் அனுமதியோ தாமதமாகலாம். 2024-25இல் மூலதனச் செலவின் திருத்த மதிப்பீடு 46,766 கோடி ரூபாய். 2025-26க்கு 57,231 கோடி ஒதுக்கினார்கள். இது 22 விழுக்காட்டுக்கும் கூடுதலான உயர்வு. அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 2025 மார்ச் 14 அன்று வைத்த அறிக்கையில் எனக்கு மிகவும் மகிழ்ச்சியளித்த எண் இதுதான். இது கணக்கிலும் அப்படியே நிற்க வேண்டும் என்ற கவலையும் அதனாலேயே அதிகமாகிறது. வருவாய் குறைந்த ஆண்டுகளில் அரசுகள் முதலில் கை வைப்பது மூலதனச் செலவில்தான். ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் நிறுத்த முடியாது, உதவித்தொகையை நிறுத்தினால் மக்கள் தெருவுக்கு வருவார்கள். அணைக்கட்டின் மதகைச் சீரமைக்கும் வேலை ஓராண்டு தள்ளிப்போனால் கேட்க ஆள் இல்லை.

வருவாயைக் கணிப்பது இன்னும் கடினம். 2025-26இல் சொந்த வரி வருவாய் 2,20,895 கோடி வரும் என்று எழுதினார்கள். முந்தைய ஆண்டின் திருத்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் இது 14.6 விழுக்காடு உயர்வு. 2023-24இன் பட்டறிவுக்குப் பிறகு இந்த எதிர்பார்ப்பு சற்றுத் துணிச்சலானது என்றே கருதுகிறேன். சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலையில் வந்த பிறகு, தன் விருப்பப்படி வரி விகிதத்தை மாற்றி வருவாயைச் சரிசெய்துகொள்ளும் வாய்ப்பு மாநில அரசுக்குச் சுருங்கிவிட்டது. பெட்ரோலிய விற்பனை வரி, மதுவின் மீதான வரி, பத்திரப் பதிவு, வாகன வரி போன்றவையே அதன் கையில் எஞ்சியுள்ளன. அந்த வரியில் ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சிக்கு உத்தரவாதம் அளித்த ஒன்றிய அரசின் இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்துவிட்டது.

ஒன்றிய அரசிடமிருந்து வரும் பங்கைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பகிர்ந்தளிக்கப்படும் வரித் தொகுப்பில் தமிழ்நாட்டின் பங்கு பன்னிரண்டாம் நிதிக் குழுவின் காலத்தில் 5.305 விழுக்காடாக இருந்தது. பதினைந்தாம் நிதிக் குழு அதை 4.079 விழுக்காடாக வைத்தது. ஒன்றிய அரசு வசூலிக்கும் மேல்வரியும் கூடுதல் கட்டணமும் அந்தத் தொகுப்புக்குள் வருவதே இல்லை. எழுதி வைத்த தொகையும் சில வேளைகளில் வருவதில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றபோது, ஆசிரியர்களின் ஊதியத்தையும் மாணவர்களுக்கான செலவையும் மாநிலம் தன் சொந்த நிதியிலிருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. 63,246 கோடி மதிப்பிலான சென்னை மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கிடைக்கும்வரை அதன் சுமையை மாநிலமே தாங்கியது. இவை எல்லாம் அந்தந்த ஆண்டின் மதிப்பீட்டைக் குலைத்த காரணங்கள். கணக்கோடு சேர்த்துப் பேசும்போதுதான் இவற்றின் உண்மையான எடை தெரியும். வெறும் குற்றச்சாட்டாகப் பேசினால் கட்சிச் சண்டையாகவே முடிந்துவிடும்.

பேரவை நிதி ஒதுக்கச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டால் பணம் துறைகளின் கைக்குப் போய்விடுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அங்கேதான் நிதித் துறையின் இரண்டாவது வேலை தொடங்குகிறது. ஒதுக்கீடு இருந்தாலும் ஒவ்வொரு புதிய திட்டத்துக்கும் தனியாக அரசாணை வேண்டும். செலவு சார்ந்த அரசாணைகளின் கடைசிப் பத்தியில், ‘இவ்வாணை நிதித் துறையின் அ.சா. எண்’ என்று தொடங்கும் வரியைக் காணலாம். நிதித் துறையின் ஒப்புதலைக் காட்டும் அந்த எண் கிடைப்பதற்குக் கோப்பு பல மேசைகளைக் கடக்க வேண்டும். மார்ச்சில் அறிவித்த திட்டத்துக்கு ஏப்ரல், மே மாதங்கள் மானியக் கோரிக்கை விவாதத்தில் கழியும். கருத்துரு ஜூனில் போனால் நிதித் துறையின் வினாக்களுக்கு விடை அனுப்பி அரசாணை வெளிவரும்போது ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிவிடும். ஒப்பந்தப்புள்ளிக்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். பொங்கலுக்குப் பிறகே வேலை சூடுபிடிக்கும். பில் மார்ச்சில் கருவூலத்துக்கு வரும்.

மார்ச் மாதச் செலவுக் குவிப்பைப் பற்றித் தணிக்கை அறிக்கைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. அதைப் படிப்பவர்கள், கீழ்நிலை அலுவலகங்கள் ஆண்டு முழுவதும் உறங்கிவிட்டுக் கடைசி வாரத்தில் பணத்தை இறைப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பணம் பெற்று வழங்கும் அலுவலர்கள் மார்ச் கடைசி வாரத்தில் கட்டுக் கட்டாகப் பில்களோடு கருவூலத்தில் காத்திருந்ததை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு நிதி ஒதுக்கீட்டு ஆணையே பிப்ரவரியில்தான் கிடைத்திருக்கும். மார்ச் 31ஐத் தாண்டினால் அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதால், பொருளின் தரத்தைப் பார்க்க நேரமின்றிக் கொள்முதலை முடிப்பதும், உடனடித் தேவையில்லாத பணத்தை எடுத்து வைப்புக் கணக்கில் போட்டு வைப்பதும் நடக்கின்றன. வைப்புக் கணக்கில் போட்ட பணம் ஏட்டில் செலவாகிவிட்டது. ஊரில் சாலை போடப்படவில்லை. இந்தக் குவிப்பின் வேர் செயலகத்தில் அரசாணை தாமதமாவதில் இருக்கிறது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அதை அங்கே களையாமல் கருவூலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதால் பயன் விளையாது.

ஆண்டின் நடுவே கணக்கைச் சரிசெய்ய நிதித் துறைக்குச் சில வழிகள் உண்டு. ஒரு தலைப்பில் மிச்சமாகும் தொகையை அதே மானியத்துக்குள் வேறு தலைப்புக்கு மாற்றுவது மறு ஒதுக்கீடு. தேவைப்படாததைத் திருப்பித் தருவது ஒப்படைப்பு. அலுவலகங்களில் சரண்டர் என்பார்கள். கூடுதலாக வேண்டியதற்கு 205ஆம் உறுப்பின்படி துணை மதிப்பீடுகளைப் பேரவையில் வைக்க வேண்டும். புதுப்பணிகள், புதுத் துணைப்பணிகள் ஆகியவற்றுக்கு ஒப்புதல் பெறவும், எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து எடுத்த முன்பணத்தை ஈடுசெய்யவும் இது தேவை. வழி சரியானதே. ஆனால், துணை மதிப்பீட்டில் கூடுதல் தொகை கேட்ட மானியத்திலேயே ஆண்டு முடிவில் அதைவிடப் பெரிய தொகை செலவாகாமல் எஞ்சுவதைத் தணிக்கைத் துறை திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுகிறது. தனக்கு எவ்வளவு தேவை என்பது ஆண்டின் பத்தாவது மாதத்திலும் ஒரு துறைக்குத் தெரியவில்லை என்பதே இதன் பொருள். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்க்கான துணை மதிப்பீடுகள் பேரவையில் அதிக விவாதமின்றி நிறைவேறுவதும், மறுநாள் நாளிதழில் ஒரு சிறு பத்தியாகச் சுருங்குவதும் நல்ல அறிகுறிகள் அல்ல.

நாள்தோறும் ரொக்க இருப்பைக் காப்பது வெளியே தெரியாத மற்றொரு பெரும்பணி. வரவும் செலவும் ஒரே நாளில் வருவதில்லை. ஒன்றிய வரிப் பங்கு வழக்கமாக மாதத்தின் 10ஆம் தேதி வாக்கில் வரும். வணிகர்களின் வரிக் கணக்குத் தாக்கல் 20ஆம் தேதியை ஒட்டி நடக்கும். ஊதியம் மாதக் கடைசி வேலைநாளில் போய்ச் சேர வேண்டும். இடையில் இருப்புக் குறைந்தால் ரிசர்வ் வங்கியிடம் வழிவகை முன்பணம் என்னும் குறுகிய காலக் கடன் பெறலாம். நீண்ட காலக் கடனுக்கு மாநில அரசின் பத்திரங்களை ரிசர்வ் வங்கி ஏலம் விடுகிறது. எந்த வாரம் எவ்வளவு கடன் எழுப்புவது என்ற முடிவில் கால் விழுக்காடு வட்டி மாறினாலும் அது பத்து ஆண்டுகளுக்குத் தொடரும். தேவைக்கு முன்பே கடன் எழுப்பி வைத்தால், உபரி ரொக்கம் குறைந்த வட்டி தரும் 14 நாள் கருவூலப் பத்திரங்களில் தங்கிவிடும். கடனுக்கோ கூடுதல் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இதைத் திறமையாகச் செய்யும் அலுவலர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. அவர்களுடைய உழைப்பை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கடனைப் பற்றிய பேச்சில் நாளிதழ்கள் மேலும் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். 2021 வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக் கடன் இருப்பதாகச் சொன்னது. அன்று முதல் இன்றுவரை, ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் மாறி மாறி இந்த வகை எண்ணை வைத்தே பேசுகின்றன. எந்தக் குடும்பமும் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டப் போவதில்லை. அந்த எண் அச்சத்தைத் தருமே தவிர விளக்கத்தைத் தராது. 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9,29,959 கோடி, மாநில உற்பத்தியில் 26.07 விழுக்காடு என்று 2025-26 நிதிநிலை அறிக்கை மதிப்பிட்டது. இதைக் காட்டிலும் இரண்டு எண்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போகிறது என்பது ஒன்று. அரசு கடன் வாங்கி நிரப்ப வேண்டிய நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடியில் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 41,635 கோடி என்பது மற்றொன்று. அதாவது, புதிதாக வாங்கும் கடனில் ஏறத்தாழ 39 விழுக்காடு, சொத்து எதையும் உருவாக்காத அன்றாடச் செலவுக்குப் போகிறது.

2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வருவாய்ப் பற்றாக்குறையை அடியோடு நீக்க வேண்டும் என்றது. 2011-12, 2012-13 ஆகிய ஆண்டுகளில் நம் மாநிலம் வருவாய் உபரியோடு இருந்தது என்பதையும், 2013-14 முதல் ஒவ்வோர் ஆண்டும் பற்றாக்குறையில் இருக்கிறது என்பதையும், சட்டத்தின் காலக்கெடு திருத்தங்களால் மேலும் மேலும் தள்ளிப்போடப்பட்டது என்பதையும் வாசகர்களுக்கு நினைவூட்டுவது கட்சி சார்ந்த வேலை ஆகாது. இந்தக் காலத்தில் இரண்டு கட்சிகளும் ஆண்டிருக்கின்றன.

உதவித்தொகைகளும் கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும்தான் இந்தப் பற்றாக்குறைக்குக் காரணம் என்று எழுதுவோரோடு நான் உடன்படவில்லை. அவை பேரவை அறிந்து ஒதுக்கிய செலவுகள்; எவ்வளவு, யாருக்கு என்பது வெளிப்படையாக இருக்கிறது. மின்வாரியத்தின் இழப்பு அப்படி வெளிப்படையாகத் தெரிவதில்லை. மின் வழங்கல் நிறுவனங்களின் நிதிநிலையை மீட்க ஒன்றிய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 22,815 கோடி ரூபாய் மின்வாரியக் கடனை மாநிலம் தன் மீது ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் இழப்பை ஈடுகட்டும் தொகை ஆண்டுதோறும் கருவூலத்திலிருந்து போகிறது. எந்தச் செலவு நம் கண்ணுக்கு எளிதில் படுகிறதோ அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், எளிதில் படாத செலவு வளர்ந்துகொண்டே போகும்.

ஆண்டு முடிந்த பிறகு மாநிலக் கணக்காயர் நிதிக் கணக்குகளையும் நிதி ஒதுக்கக் கணக்குகளையும் தொகுக்கிறார். தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கையோடு அவை ஆளுநர் வழியாகப் பேரவைக்கு வந்து பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குப் போகின்றன. குழு ஒரு பத்தியை ஆராய்ந்து பரிந்துரை செய்யும்போது, அந்தச் செலவைச் செய்த அலுவலர் பெரும்பாலும் ஓய்வுபெற்றிருப்பார், அமைச்சர் மாறியிருப்பார். இந்தத் தாமதம் காரணமாகவே, ஆண்டின் நடுவிலேயே தகவல் வெளிவர வேண்டும் என்று கேட்கிறேன். ஊதியமும் பில்களும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனித வள மேலாண்மைத் திட்டத்தின் கணினி வழியே செல்லத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. எந்தத் தலைப்பில் நேற்று மாலைவரை எவ்வளவு செலவானது என்பது நிதித் துறைக்கு உடனுக்குடன் தெரியும். செப்டம்பர் 30வரையிலான நிலையை, ஒவ்வொரு மானியத்துக்கும் ஒதுக்கியது எவ்வளவு, அரசாணை வெளியானது எவ்வளவு, கருவூலத்தில் செலவானது எவ்வளவு என்று மூன்று பத்திகளில் போட்டு நவம்பருக்குள் வெளியிடுவதற்குப் புதிதாக எந்தப் படிவமும் தேவையில்லை. அதை நிதியமைச்சர் பேரவையில் வைத்தால் இன்னும் நன்று. திருத்த மதிப்பீடு முதல் மதிப்பீட்டிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகும் திட்டங்களுக்கு ஏன் விலகியது என்று இரண்டு வரி விளக்கம் எழுதுவதும் நிதித் துறையால் முடியாத காரியமல்ல.

அரசு அப்படி வெளியிடும்வரை தாங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மானியக் கோரிக்கைப் புத்தகங்கள் அனைத்தும் நிதித் துறையின் இணையதளத்தில் இருக்கின்றன. மாநிலங்களின் வரவு, செலவு, கடன் பற்றிய மாதாந்திர முக்கியக் குறியீடுகளைத் தணிக்கைத் துறை தன் தளத்தில் வெளியிட்டு வருகிறது. அவை தணிக்கை செய்யப்படாதவை என்றாலும் போக்கை அறியப் போதுமானவை. வரும் நவம்பரில், தங்கள் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கி, மார்ச்சில் தான் அச்சிட்ட எண்களின் அன்றைய நிலையை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாத் துறைகளையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். பள்ளிக் கல்வி, நெடுஞ்சாலை, நீர்வளம் ஆகிய மூன்றோடு தொடங்கலாம். மாவட்டப் பதிப்புகளில் அந்தந்த மாவட்டத்துக்கென அறிவித்த பாலமோ மருத்துவமனைக் கட்டடமோ எந்த நிலையில் இருக்கிறது, அரசாணை வந்ததா, ஒப்பந்தப்புள்ளி முடிந்ததா என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். கணக்குத் தலைப்புகளை வாசித்துப் பிரித்துச் சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற கருவூலத்தாரும் கணக்காயர் அலுவலகத்தாரும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம். தங்கள் செய்தியாளர்கள் அழைத்தால் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆயத்தமாக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற உதவிக் கருவூல அலுவலர்,
தஞ்சாவூர்.